தூண்டுநிரலும் இடைநிரலும்: தரவுத்தள வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் முறை

முன்னுரை

தரவுத்தளம் என்றதும் அது கணினித் துறை மாணவர்களுக்கு மட்டுமே உரிய பாடம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், கழக உறுப்பினர் பட்டியலைப் பராமரிக்கும் செயலாளரும், விழாவுக்குப் பெயர்ப்பதிவு வாங்கும் ஏற்பாட்டுக் குழுவினரும் இன்று ஏதேனும் ஒரு தரவுத்தளத்தை நம்பியே வேலை செய்கின்றனர். அதில் ஒரு சிறு பிழை நேர்ந்தால், அதன் விளைவைக் கணினித் திரையில் மட்டுமன்றி மண்டபத்தின் வாசலிலும் காண நேரிடும். அப்படியொரு விளைவைக் கண்ட அனுபவமே இக்கட்டுரை எழுதக் காரணம்.

தரவுத்தளத்தில் ‘ட்ரிகர்’ எனப்படும் ஒரு வசதி உண்டு. இக்கட்டுரையில் அதனைத் ‘தூண்டுநிரல்’ என்று அழைப்போம். ஓர் அட்டவணையில் புதிய வரி சேர்க்கப்படும்போதோ, இருக்கும் வரி திருத்தப்படும்போதோ, நீக்கப்படும்போதோ, யாரும் தனியாகக் கட்டளையிடாமலேயே இயங்கும் சிறு நிரல் இது. தூண்டுநிரலுக்கும் வெளியுலகுக்கும் இடையே நின்று, தூண்டுநிரல் குறித்துவைத்த வேலைகளைச் செய்து முடிக்கும் தனி நிரலை ‘இடைநிரல்’ என்போம். எந்த வேலையை எதனிடம் ஒப்படைப்பது என்பதே இப்பாடத்தின் மையக் கேள்வி.

1. தூண்டுநிரல் எங்கே இயங்குகிறது?

தூண்டுநிரலைப் புரிந்துகொள்ள முதலில் பரிவர்த்தனை என்னும் கருத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கட்டளைகளை ஒரே மூட்டையாகக் கட்டித் தரவுத்தளத்திடம் கொடுப்பதே பரிவர்த்தனை. மூட்டையில் உள்ள அனைத்தும் சரியாக முடிந்தால், தரவுத்தளம் அவற்றை உறுதிசெய்து நிலையாக்கும். ஒன்று தவறினாலும், எதுவுமே நடக்காதது போலப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாதி முடிந்தது, பாதி முடியவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொதுவாகத் தூண்டுநிரல் இந்த மூட்டைக்கு உள்ளேயேதான் இயங்குகிறது. அதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, தூண்டுநிரல் தோல்வியுற்றால் அதைத் தூண்டிய கட்டளையும் தோல்வியுறும். மற்றொன்று, தூண்டுநிரல் முடியும் வரை அந்தப் பரிவர்த்தனை காத்திருக்கும்; அது பூட்டிவைத்த வரிகளுக்காக மற்றவர்களும் காத்திருப்பார்கள். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் எளிதாகிவிடும்.

இவ்வசதி நேற்று வந்ததன்று. ஆரக்கிள் தரவுத்தளத்தின் 7-ஆம் பதிப்பில், 1992-ஆம் ஆண்டிலேயே தூண்டுநிரல்கள் இடம்பெற்றன. 1999-ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தர வரையறை அவற்றை முறைப்படி ஏற்றுக்கொண்டது. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 5.0 பதிப்பில் இவ்வசதியைப் பெற்றது.

2. ஒரு கலை இரவும் எட்டாவது மாணவரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் அமைப்பின் கலை இரவுக்குப் பதிவு வாங்கும் குழுவில் நான் இருந்தேன். மண்டபத்தில் 300 இருக்கைகள். இணையத்தில் பதிவு செய்தவருக்கு உடனே மின்னஞ்சலில் உறுதிக் கடிதம் போக வேண்டும். நாங்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினோம். அதில் பைத்தான் மொழியிலும் தூண்டுநிரல் எழுதலாம் என்பதால், எல்லா வேலையையும் ஒரே தூண்டுநிரலில் அடக்கிவிட்டோம். பதிவு அட்டவணையில் புதிய வரி சேர்ந்ததும், அது மீத இருக்கைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். பிறகு கடிதத்தை அனுப்பும். எங்கள் ஐந்து பேரின் சோதனையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பதிவு திறந்த இரவில்தான் வினை தொடங்கியது. அன்று மின்னஞ்சல் வழங்கி மெதுவாக இருந்தது; ஒரு கடிதம் போக ஏறக்குறைய 4 விநாடி பிடித்தது. மீத இருக்கைகளின் எண்ணிக்கை ஒரே ஒரு வரியில் இருந்தது. முதல் மாணவரின் பரிவர்த்தனை அவ்வரியைப் பூட்டிக்கொண்டு கடிதம் போகும் வரை காத்திருக்க, மற்ற அனைவரும் அவர் பின்னால் வரிசையில் நின்றனர். எங்கள் இணையப் பக்கமோ 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால் கைவிட்டுவிடும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரே நொடியில் பத்துப் பேர் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏழு பேரின் வேலை 28-ஆவது விநாடியில் முடிந்துவிடும். எட்டாவது மாணவரின் முறை அப்போதுதான் வரும். அவருடைய கடிதம் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போதே 30-ஆவது விநாடி வந்துவிடுகிறது. இணையப் பக்கம் கைவிடுகிறது, பரிவர்த்தனை ரத்தாகிறது, குறைந்த இருக்கை மீண்டும் கூடுகிறது, பதிவு வரி மறைந்துவிடுகிறது. ஆனால் கடிதம்? அது போய்விட்டது. விட்ட அம்பு திரும்பாது. தரவுத்தளம் தன் அட்டவணைகளைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். பிறர் அஞ்சல் பெட்டிக்குச் சென்ற கடிதத்தை அதனால் திரும்ப அழைக்க முடியாது.

ஒன்பதாவது மாணவருக்கும் பத்தாவது மாணவருக்கும் ‘பதிவு தோல்வி’ என்ற செய்தி மட்டுமே வந்தது. அவர்கள் மறுபடியும் முயன்றனர். எட்டாவது மாணவருக்கோ திரையில் தோல்விச் செய்தி, அஞ்சல் பெட்டியில் உறுதிக் கடிதம். கடிதத்தை நம்பாமல் வேறு எதை நம்புவார்? அவர் விட்ட இருக்கை வேறொருவருக்குப் போனதை அவர் அறிய வழியே இல்லை.

விழா நாளன்று, மேடையேறும் தம் மகளைப் பார்க்க ஈப்போவிலிருந்து பேருந்தில் வந்த பெற்றோர், அச்சிட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றனர். பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. “தம்பி, நீங்கள் அனுப்பிய கடிதம்தானே இது?” என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு மறுமொழி வரவில்லை. கடிதம் எங்களுடையதுதான். இறுதியில் பக்கவாட்டில் நெகிழி நாற்காலிகளைப் போட்டு, கடிதத்தோடு வந்த அனைவரையும் அமர வைத்தோம். நாற்காலிகள் இருந்ததால் எங்கள் மானம் தப்பியது. மருத்துவப் பதிவாகவோ தேர்வுப் பதிவாகவோ இருந்திருந்தால் எந்த நாற்காலி கைகொடுத்திருக்கும்?

அதே விழாவில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. கடைசி வாரத்தில் நுழைவாயில் மாறியது. கடிதத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும். ஆனால் கடிதத்தின் வாசகமே தூண்டுநிரலுக்குள் புதைந்திருந்தது. அதை மாற்றும் உரிமை எங்களில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. அவரோ அன்று தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். பதிவு நடந்துகொண்டிருக்கும் அட்டவணையின் தூண்டுநிரலை மாற்ற வேறு யாருக்கும் துணிவில்லை. ஒரு சொல்லுக்காக ஒரு நாள் முழுவதும் தவறான வாயிலுக்கே ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தோம்.

3. முன்னோர் கண்ட வழி

இச்சிக்கலின் இரண்டாம் பகுதி, அதாவது தூண்டுநிரலின் நெகிழ்வின்மை, ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. பழைய சைபேஸ் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையின் ஒரு வகைச் செயலுக்கு ஒரே ஒரு தூண்டுநிரல்தான் இருக்க முடியும். இரண்டாவதாக ஒன்றை எழுதினால், முதலாவது எச்சரிக்கையின்றி மறைந்துவிடும். மைஎஸ்கியூஎல்லிலும் ஒரே நிகழ்வுக்கு ஒரே நேரத்தில் இயங்கும் தூண்டுநிரல் ஒன்றுதான் என்ற கட்டுப்பாடு இருந்தது; 2015-ஆம் ஆண்டு நிலைப்பதிப்பாக வந்த 5.7-இல்தான் அது நீங்கியது.

1999-ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற தரவுப் பொறியியல் அனைத்துலக மாநாட்டில், லிஜுவான் லி, சர்மா சக்கரவர்த்தி ஆகிய இருவரும் இதற்கொரு வழியை முன்வைத்தனர். தரவுத்தளத்தின் உட்புறத்தைத் தொடாமல், பயனருக்கும் சைபேஸ் வழங்கிக்கும் இடையே ஒரு முகவர் நிரலை நிறுத்துவதே அவ்வழி. விதிகளை முகவர் வாங்கிக்கொள்ளும். தரவுத்தளத்தின் சொந்தத் தூண்டுநிரல்களைத் தன் கருவியாகப் பயன்படுத்தும். ‘இது நடந்த பிறகு அது நடந்தால்’ என்பது போன்ற கூட்டு நிகழ்வுகளையும் கவனிக்கும். அவர்கள் பின்பற்றியது ‘நிகழ்வு, நிபந்தனை, செயல்’ என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட விதி அமைப்பு. எப்போது, எந்த நிலையில், எதைச் செய்வது என்பதை இம்மூன்றும் பிரித்துச் சொல்கின்றன.

நாம் அத்துணை பெரிய முகவரை உருவாக்க வேண்டியதில்லை. அக்கருத்தைச் சிறிய அளவில் எப்படிச் செய்வது என்று இனிக் காண்போம்.

4. இடைநிரல் அமைக்கும் முறை

அந்நாளைய ரப்பர் தோட்டத்துக் கிராணியை எண்ணிப் பாருங்கள். காலையில் யார் யார் வந்தார்கள் என்று குறிப்பேட்டில் எழுதுவார். எழுதிய கையோடு பால்மரம் சீவப் போகமாட்டார்; அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம் தூண்டுநிரலும் கிராணியைப் போல இருக்க வேண்டும். அமைப்பில் மூன்று பகுதிகள் உள்ளன.

அ. பணிக்குறிப்பேடு

இது தரவுத்தளத்தில் உள்ள ஓர் அட்டவணை. தூண்டுநிரல் கடிதம் அனுப்பாது. இந்த அட்டவணையில் ஒரு வரி மட்டுமே எழுதும். அதில் நிகழ்வின் வகை, பதிவு எண், நேரம், நிலை, எத்தனை முறை முயன்றது ஆகிய புலங்கள் போதும். தொடக்கத்தில் நிலை ‘புதிது’ என்று இருக்கும். இவ்வரியும் அதே பரிவர்த்தனைக்குள் எழுதப்படுவதால், பதிவு ரத்தானால் குறிப்பும் சேர்ந்தே மறையும். பதிவு நிலைத்தால் குறிப்பும் நிலைக்கும். எட்டாவது மாணவரின் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு வரி எழுதுவது 4 விநாடி எடுக்காது என்பதால் வரிசையும் விரைவாக நகரும்.

ஆ. விதி அட்டவணை

எந்த நிகழ்வுக்கு எந்த நிபந்தனையில் என்ன செய்வது என்பதை இங்கே எழுதுகிறோம். எடுத்துக்காட்டாக, ‘பதிவு உறுதியானால் கடிதம் அனுப்பு’ என்பது ஒரு விதி. ‘மீத இருக்கை 20-க்குக் குறைந்தால் செயலாளருக்குச் சொல்’ என்பது மற்றொன்று. ஒவ்வொரு விதிக்கும் ‘இயங்குகிறதா’ என்ற புலமும், தொடக்க, முடிவுத் தேதிகளும் இருக்கட்டும். கடிதத்தின் வாசகமும் இங்கேயே இருக்கட்டும். நுழைவாயில் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். தூண்டுநிரலைத் தொட வேண்டியதில்லை. விதியைத் தற்காலிகமாக நிறுத்தவும், விழா முடிந்ததும் தானாக ஓயச் செய்யவும் முடியும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நிபந்தனைகளையும் செயல்களையும் முன்கூட்டியே வகுத்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்குமாறு செய்ய வேண்டும். விதி அட்டவணையில் எவரும் எழுதும் கட்டளையை இடைநிரல் அப்படியே நிறைவேற்றுமானால், வீட்டுச் சாவியைத் தெருவில் வைத்ததற்கு ஒப்பாகும். விதியை யார், எப்போது மாற்றினார் என்பதையும் பதிந்துவைப்பது நலம்.

இ. இடைநிரல்

இது தரவுத்தளத்துக்கு வெளியே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல். பணிக்குறிப்பேட்டில் புதிய வரியைக் கண்டால், பொருந்தும் விதிகளைப் பார்த்து வேலையைச் செய்யும். முடிந்ததும் நிலையை ‘முடிந்தது’ என மாற்றும். தோற்றால் முயற்சி எண்ணிக்கையைக் கூட்டி, சற்று நேரம் கழித்து மறுபடியும் முயலும். ஐந்து முறை முயன்றும் முடியாவிட்டால் ‘தோல்வி’ எனக் குறித்து மனிதரிடம் ஒப்படைக்கும்.

5. கவனிக்க வேண்டிய நான்கு நுணுக்கங்கள்

முதலாவது, எழுப்பும் முறை. புதிய வேலை வந்ததை இடைநிரலுக்கு எப்படித் தெரிவிப்பது? போஸ்ட்கிரஸில் ‘நோட்டிஃபை’ என்னும் கட்டளை உண்டு. தூண்டுநிரல் அதைக் கொடுத்தாலும், பரிவர்த்தனை உறுதியான பிறகே அறிவிப்பு வெளியே போகும். ரத்தானால் போகாது. ஆனால் அச்சமயம் இடைநிரல் நின்றிருந்தால், அறிவிப்பைக் கேட்க ஆளின்றி அது வீணாகிவிடும். எனவே அறிவிப்பைக் கதவு தட்டும் ஓசையாக மட்டுமே கொள்ள வேண்டும். இடைநிரல் தொடங்கும்போதும், பிறகு நிமிடத்துக்கு ஒரு முறையும் குறிப்பேட்டைத் தானே பார்க்க வேண்டும். மேலும், இயல்பான அமைப்பில் அறிவிப்பின் உள்ளடக்கம் 8,000 பைட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் ‘கி’ என்னும் ஓரெழுத்துக்கே 6 பைட்டு ஆகிறது. தமிழ்க் கடிதத்தை அறிவிப்பில் திணிக்காமல் பதிவு எண்ணை மட்டும் அனுப்புவதே முறை.

இரண்டாவது, எண் வரிசையை நம்பாதிருத்தல். ‘கடைசியாக 105-ஆம் வரியைச் செய்தேன், இனி 106 முதல் பார்க்கிறேன்’ என்று இடைநிரல் நினைவில் வைத்துக்கொள்வது எளிதாகத் தோன்றும். ஆனால் வரிசை எண் முன்கூட்டியே வழங்கப்பட்டுவிடுகிறது. வரி மற்றவர் கண்ணுக்குத் தெரிவதோ பரிவர்த்தனை உறுதியான பிறகுதான். 104-ஆம் எண்ணைப் பெற்றவர் தாமதித்து, 105 முதலில் உறுதியானால், 104 என்றைக்குமே கவனிக்கப்படாமல் போகும். ஆகவே எண்ணைப் பார்க்காமல், ‘புதிது’ என்ற நிலையைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, இரு இடைநிரல்கள் மோதாமை. வேலை மிகுந்தால் இரண்டு இடைநிரல்களை ஓடவிடலாம். 2016-ஆம் ஆண்டு வந்த போஸ்ட்கிரஸ் 9.5 முதல், பூட்டப்பட்ட வரிகளைத் தாண்டிச் சென்று அடுத்ததை எடுக்கும் ‘ஸ்கிப் லாக்டு’ வசதி உள்ளது. இடைநிரல் ஒரு வரியை எடுத்து ‘கையில் உள்ளது’ என்று நேரத்தோடு குறித்து, உடனே உறுதிசெய்துவிட வேண்டும். அதன் பிறகே கடிதம் அனுப்ப வேண்டும். அப்போதுதான் பூட்டு நீண்ட நேரம் நிற்காது. நெடுநேரமாகக் ‘கையில் உள்ளது’ என்றே இருக்கும் வரிகளை, எடுத்த நிரல் நின்றுவிட்டதாகக் கருதி மற்றது எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, இரட்டிப்பு. கடிதம் அனுப்பிய மறுகணம், ‘முடிந்தது’ என்று எழுதுமுன் மின்சாரம் போனால் என்னாகும்? மீண்டும் ஓடும்போது அதே கடிதம் இரண்டாம் முறை போகும். இதை முற்றிலும் தவிர்க்க இயலாது. ஆகவே, ஒரு வேலையை இருமுறை செய்தாலும் ஒருமுறை செய்ததற்கு ஈடாகவே இருக்குமாறு அமைக்க வேண்டும். கடிதத்தில் பதிவு எண் இருந்தால், இரண்டு கடிதம் வந்தாலும் ஓர் இருக்கைதான் என்பது விளங்கும். பணம் தொடர்பான வேலையானால், ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, பெறும் பக்கம் இரண்டாவதை மறுக்குமாறு செய்ய வேண்டும். கடிதம் இரண்டாக வந்தால் சிறு எரிச்சல். இல்லாத இருக்கைக்குக் கடிதம் வந்தால் வாசலில் கண்ணீர். இரண்டில் எது தேவலாம் என்று சொல்லத் தேவையில்லை.

6. எல்லாவற்றையும் வெளியே தள்ளலாமா?

அவ்வாறு செய்வதும் தவறே. மீத இருக்கையைக் குறைப்பதை இடைநிரலிடம் கொடுத்தால், அது குறைக்குமுன் 310 பேர் பதிந்துவிடக்கூடும். அவ்வேலை பரிவர்த்தனைக்குள்தான் நடந்தாக வேண்டும். திருத்தத்துக்கு முந்தைய மதிப்பைப் பாதுகாத்து வைப்பதும் அத்தகையதே.

எதை எங்கே வைப்பது என்று ஐயம் எழும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ‘இந்த வேலை தோற்றால், பதிவையே ரத்துசெய்ய வேண்டுமா?’ ஆம் எனில் அது தூண்டுநிரலுக்கு உரியது. இல்லை எனில் அது இடைநிரலுக்கு உரியது. இருக்கையைக் குறைக்க முடியாவிட்டால் பதிவும் கூடாது. கடிதம் போகாததற்காக ஒருவரின் பதிவைப் பறிப்பது நியாயமா? கடிதம் பத்து நிமிடம் கழித்துப் போகட்டுமே.

இடைநிரலுக்கும் விலை உண்டு. கண்காணிக்க இன்னொரு நிரல் கூடுகிறது. அது ஓசையின்றி நின்றுவிட்டால், பதிவுகள் வந்துகொண்டே இருக்கும். கடிதங்கள் மட்டும் போகா. ஆகவே, குறிப்பேட்டில் மிகப் பழைய ‘புதிது’ வரிக்கு வயது எவ்வளவு என்பதை அடிக்கடி பார்க்க வேண்டும். அது பத்து நிமிடத்தைத் தாண்டினால் யாருக்கேனும் மணியடிக்க வேண்டும். முடிந்த வரிகளை அவ்வப்போது அகற்றவும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் தூண்டுநிரலே இல்லாமல், தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டை நேரடியாகப் படிக்கும் டெபீசியம் போன்ற கட்டற்ற மென்பொருள்களையும் பயன்படுத்துகின்றன. முந்நூறு இருக்கைகளுக்கு ஒரு குறிப்பேடும் ஒரு சிறு நிரலும் தாராளம்.

முடிவுரை

அடுத்த ஆண்டுக் கலை இரவுக்கு இம்முறையில்தான் பதிவு வாங்கினோம். அன்றும் மின்னஞ்சல் வழங்கி மெதுவாகவே இருந்தது. பதிவுகள் தடையின்றி முடிந்தன; கடிதங்கள் மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தன. நெகிழி நாற்காலிகளைத் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

தரவுத்தளம் தன்னால் திரும்பப் பெறக்கூடியதை மட்டுமே தன் கையால் செய்யட்டும். திரும்பப் பெற முடியாததை, உறுதியான பிறகு இன்னொரு கையிடம் கொடுக்கட்டும். நாம் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. வாக்குக் கொடுக்குமுன் அதைக் காக்க முடியுமா என்று உறுதிசெய்துகொள்வது நிரலருக்கும் கடமையே.

பயிற்சி

1. நூலகத்தில் ஒரு நூல் இரவல் கொடுக்கப்படும்போது நடக்கும் வேலைகளைப் பட்டியலிடுக. அவற்றுள் எவை தூண்டுநிரலுக்கு உரியவை, எவை இடைநிரலுக்கு உரியவை எனக் காரணத்துடன் பிரித்துக் காட்டுக.

2. இரண்டாம் பகுதியில் வந்த கணக்கில், ஒரு கடிதத்துக்கு 4 விநாடிக்குப் பதில் 7 விநாடி ஆகுமானால், கடிதம் பெற்றும் இருக்கை இழப்பவர் எத்தனையாவது மாணவர்?

3. இடைநிரலின் செயல் ஒன்று பதிவு அட்டவணையையே திருத்துகிறது. அத்திருத்தம் மீண்டும் தூண்டுநிரலை இயக்குகிறது. இவ்வாறு முடிவில்லாமல் சுழலாதிருக்கப் பணிக்குறிப்பேட்டில் எந்தப் புலத்தைச் சேர்ப்பீர்கள்?